டிராகனா, கோட்டையா, படுகளமா, தாத்தாவா: போர் முடிந்த பிறகான கதையைப் பிள்ளைக்கு எதிலிருந்து தொடங்குவது?

கண்ணமங்கலம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருந்தார். மகனுக்கு ஒன்பது வயது. கணவர் ராணுவத்தில் இருக்கிறார், வருஷத்தில் இரண்டு தடவை லீவில் வருவார். மாமனாரும் மிலிட்டரிக்காரர்தான். இப்போது பென்ஷன் வாங்கிக்கொண்டு பெரும்பாலும் திண்ணையில் இருக்கிறார். பையன் பள்ளி நூலகத்திலிருந்து ஒரு டிராகன் கதை எடுத்து வந்திருக்கிறான். மனிதர்களுக்கும் டிராகன்களுக்கும் நடந்த சண்டை முடிந்துபோன பிறகு ஆரம்பிக்கிற கதை. பாதி படித்ததும் அம்மாவிடம் வந்து, "அப்பாவும் யாரையாவது சுட்டிருப்பாராம்மா?" என்று கேட்டிருக்கிறான். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடவா, வேலூர்க் கோட்டைக்குக் கூட்டிப்போய் நிஜ வரலாற்றைச் சொல்லவா, தாத்தாவையே பேசச் சொல்லவா என்று அந்த அம்மாவுக்குக் குழப்பம்.

அதே மாதம் மேல்மொணவூர்ப் பக்கம் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியையும் இதே மாதிரிக் கேட்டார். அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அவர் வகுப்பில் முகாம் பிள்ளைகள் படிக்கிறார்கள். 1987க்கும் 1990க்கும் இடையில் இந்திய அமைதிப்படையில் இலங்கை போய்வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்கிறார்கள். போரைப் பற்றி ஒரு கதை வாசிக்க வேண்டும், எதை எடுப்பது என்று கேட்டார்.

நம் வேலூர்ப் பக்கத்தில் இது எங்கோ ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், தலைமுறை தலைமுறையாக அங்கிருந்து பட்டாளத்துக்குப் போகிறார்கள். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் முதல் உலகப்போருக்கு இந்த ஊரிலிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று ஒரு கல் சொல்கிறது. கீழே பூ வாங்குகிற கூட்டத்தில் அதை நின்று படிப்பவர்கள் குறைவு.

என் அப்பாவும் 1988இல் இலங்கை போய் 1990இல் திரும்பினார். காட்பாடி ஸ்டேஷனில் அவர் இறங்கியபோது எனக்கு ஒன்பது வயது. கறுப்பு டிரங்குப் பெட்டி, மேலே வெள்ளைப் பெயின்டில் பெயரும் நம்பரும். அதில் எனக்கு என்ன வாங்கி வந்திருக்கிறார் என்பதிலேயே என் கண் இருந்தது. அந்த வருஷம் தீபாவளிக்கு அவர் நடு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார். "அப்பாவுக்குத் தலைவலி, வெளியில போய் வெடி" என்று அம்மா சொன்னாள். அடுத்த வருஷமும் தலைவலி. அதற்கடுத்த வருஷமும். போர் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருந்தது. முடிந்த பிறகு அது ஒரு வீட்டுக்குள் எப்படி உட்கார்ந்திருக்கும் என்று எனக்கு விளக்க ஒரு கதைகூட அப்போது இல்லை. அதனால்தான் இந்தக் கேள்விக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன். அந்த அம்மா சொன்ன மூன்று வழிகளோடு நான் நான்காவதாகச் சேர்ப்பது படுகளம், திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதப் போர் முடிகிற காட்சி.

எதை வைத்து எடைபோடுவது

நான் முதலில் பார்ப்பது தூரம். கதை கேட்ட பிள்ளைக்கு ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வி யார் மேல் போய் விழுகிறது? டிராகன் மேல் விழுந்தால் டிராகனுக்கு வலிக்காது. தாத்தா மேல் விழுந்தால் வலிக்கும்.

அடுத்தது, கதை எங்கே முடிகிறது என்பது. வெற்றி முரசோடு முடிந்துவிட்டால் அது போர்க்கதை. நமக்கு வேண்டியது அதற்கு மறுநாள் காலையில் தொடங்குகிற கதை.

மூன்றாவது, எதிரியை எப்படிக் காட்டுகிறது. பிறக்கும்போதே கெட்டவர்கள் என்று ஒரு கூட்டத்தைக் காட்டும் கதையை, முகாம் பிள்ளையும் பட்டாளத்துப் பிள்ளையும் சேர்ந்து உட்காரும் வகுப்பில் வாசிக்கவே கூடாது.

கடைசியாக, வீட்டுப் பெரியவர்களுக்கு இதனால் என்ன ஆகும் என்பது. காசு, நேரம் எல்லாம் இதற்கப்புறம்தான். ஆனால் அவையும் நிஜமான கவலைகள், அங்கங்கே சொல்கிறேன்.

டிராகன் கதை

டிராகன் என்றாலே சண்டை என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். இந்த மிகுபுனைவுக் கதைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கடைசி அத்தியாயத்தில் போர் நடக்கும், கெட்டவன் சாவான், கொடி ஏறும். இன்னொன்றில் முதல் பக்கத்துக்கு முன்பே போர் முடிந்திருக்கும். எரிந்த ஊர், இறக்கை கிழிந்து பறக்க முடியாத டிராகன், திரும்பி வராத அண்ணன், திரும்பி வந்தும் வாய் திறக்காத அப்பா, யாரும் அடைகாக்க விரும்பாத ஒரு முட்டை. இவர்கள் எல்லாம் இனி ஒரே பள்ளத்தாக்கில் எப்படி இருப்பது என்பதுதான் கதையே. நான் சொல்வது இந்த இரண்டாவது வகை.

புத்தகக் கடையில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி உண்டு. போர் எந்த அத்தியாயத்தில் முடிகிறது என்று புரட்டிப் பார்ப்பேன். அப்புறம், கதையில் யாராவது சமைக்கிறார்களா என்று பார்ப்பேன். கூரை வேய்வது, கிணறு தூர்வாருவது, இருக்கிற தானியத்தை யாருக்கு எவ்வளவு என்று பங்கு போடுவது, அநாதையாக நிற்கிற குட்டியை எந்த வீட்டில் படுக்கவைப்பது என்று சச்சரவு வருவது. இதெல்லாம் இருந்தால், எழுதியவருக்குப் போருக்குப் பிந்தைய வாழ்க்கை தெரிந்திருக்கிறது என்று நம்பி வாங்கலாம். வாளும் மந்திரமும் மட்டுமே பக்கத்துக்குப் பக்கம் வந்தால் வைத்துவிடலாம்.

இந்த வகைக் கதை என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறு சாயங்காலம் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன். ஒருமுறை, போரில் ஊர்களைக் கொளுத்திய ஒரு கிழட்டு டிராகன் இப்போது இடி இடித்தால் குகைக்குள் போய்ச் சுருண்டுகொள்கிறது என்ற இடம் வந்தது. முகாமிலிருந்து வரும் ஒரு பெண் குழந்தை, "எங்கட அம்மம்மாவும் வெடிச் சத்தம் கேட்டா இப்பிடித்தான், கட்டிலுக்குக் கீழ போயிடுவா" என்றாள். அவளுக்கு இரண்டு பேர் தள்ளி உட்கார்ந்திருந்த பையன், "எங்க தாத்தாவும்தான். தீபாவளிக்கு ரூமை விட்டே வரமாட்டாரு" என்றான். அவன் தாத்தா அமைதிப்படையில், என் அப்பா இருந்த அதே காலத்தில் அங்கே இருந்தவர். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அது தெரியாது. எனக்குத் தெரியும். அடுத்த வரியை என்னால் வாசிக்க முடியவில்லை. "ஆன்ட்டி, அப்புறம்?" என்று மற்ற பிள்ளைகள் நச்சரித்தார்கள்.

நான் அன்றைக்கு நிஜப் போர் ஒன்றைச் சொல்லியிருந்தால், உன் தாத்தா எந்தப் பக்கம் என்பதுதான் முதலில் வந்திருக்கும். டிராகனுக்கு நம் ஊரில் எந்தப் பக்கமும் இல்லை. அதனால் அந்த இரண்டு வார்த்தைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து வர முடிந்தது. நாலு வழிகளில் நான் டிராகனை முதலில் வைப்பதற்கு இதுதான் காரணம்.

சரி, செலவு. இந்த நாவல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. ஒரு பேப்பர்பேக் சாதாரணமாக 400, 500 ரூபாய் ஆகிறது. அதைவிடப் பெரிய செலவு, ஒன்று பிடித்துவிட்டால் அந்தத் தொடரில் இன்னும் பத்து இருக்கும் என்பது. நூலகத்தில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை என்றால் நீங்கள்தான் ஒவ்வொரு பக்கத்தையும் வாயால் தமிழாக்கிச் சொல்ல வேண்டும். ராத்திரி அரை மணி நேரம் வீதம் இரண்டு மாதம் போகும். வேலை முடிந்து அலுத்து வருகிற அம்மாவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. எட்டு வயதுக்குக் கீழே என்றால் எரிந்த ஊர் கனவில் வரும், அந்த அத்தியாயங்களைப் பகலில் வாசிப்பது நல்லது.

காசு கொடுத்து வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களில் யாளிகள் நிற்கின்றன, குதிரைவீரர்களும் நிற்கிறார்கள். என்னிடம் வரும் பிள்ளைகள் யாளியைப் பார்த்ததும் டிராகன் என்றுதான் கத்தினார்கள். ஒரு பெண் மட்டும், "டிராகன்னா நெருப்பு கக்கணும், இது கக்காது" என்று மறுத்தாள். சண்டை முடிந்ததும் அதன் நெருப்பு எங்கே போயிருக்கும் என்று கேட்டேன். அன்றைக்கு ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ஒருவன், அகழித் தண்ணீரில் விட்டுவிட்டது, அதனால்தான் தண்ணீர் பச்சையாக இருக்கிறது என்றான். இப்படி நீங்களே கட்டும் கதைக்கு மொழித் தடையே இல்லை. ஆனால் தினமும் கட்ட வேண்டும், நேற்று சொன்னதை மறக்காமல் இருக்க வேண்டும். பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

கோட்டை

வேலூரைப் பற்றி ஒரு பழைய சொல் உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கேலியாகத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் கடைசி இரண்டும் போர் முடிந்த ஊரின் வர்ணனையாகவே படுகிறது. படையெடுப்புகளுக்குப் பிறகு நூற்றாண்டுகளாக ஜலகண்டேஸ்வரர் கோயிலில் மூலவர் இல்லை. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981 மார்ச்சில் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். போரின் பின்விளைவு எத்தனை காலம் நீளும் என்று பிள்ளைக்குக் காட்ட இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

குடும்பம் என்று பார்த்தாலும் இந்தக் கோட்டை தோற்றவர்களின் குடும்பங்கள் வாழ்ந்த இடம். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்போது திப்பு சுல்தானின் இரண்டு சின்ன மகன்களைப் பிணையாக ஆங்கிலேயர்கள் சென்னைக்குக் கூட்டிப்போனார்கள். 1794இல்தான் அப்பாவிடம் திருப்பி அனுப்பினார்கள். 1799இல் திப்பு போரில் இறந்ததும் குடும்பத்தை இந்த வேலூர்க் கோட்டையில் கொண்டுவந்து வைத்தார்கள். 1806 ஜூலை 10ஆம் தேதி இங்கிருந்த சிப்பாய்கள் ஆங்கிலேயர்களுக்கு எதிராக எழுந்த பிறகு, இங்கே வைத்திருப்பது ஆபத்து என்று கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1815இல் பதவியிலிருந்து இறக்கி, 1816இல் இங்கே கொண்டுவந்தார்கள். 1832இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவர் சமாதி இருக்கிறது, முத்து மண்டபம் என்று கேட்டால் காட்டுவார்கள். இலங்கையிலிருந்து திரும்ப முடியாமல் வேலூரில் வாழ்ந்தவர்களின் கதை அப்போதே தொடங்கிவிட்டது. இதை முகாம் பிள்ளைகளிடம் சொன்னபோது அவர்கள் மண்டபத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டார்கள், போனோம்.

டிராகன் பைத்தியம் பிடித்த பிள்ளைக்குக் கோட்டையில் ஒரு பாலமும் உண்டு. 1806 எழுச்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் குதிரையில் விரைந்து வந்த படை, 19ஆம் லைட் டிராகூன்கள். டிராகூன் என்ற பெயரே பிரெஞ்சு மொழியில் டிராகனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அந்த வகைக் குதிரைவீரர்கள் ஒருகாலத்தில் வைத்திருந்த, நெருப்பைக் கக்கும் குட்டைத் துப்பாக்கியை டிராகன் என்று அழைத்ததால் வந்தது என்பார்கள். "அப்போ நம்ம ஊருக்கு டிராகன் வந்திருக்கு!" என்று ஒரு பையன் குதித்தான். ஆமாம், வந்தது. நூற்றுக்கணக்கில் சிப்பாய்கள் இறந்தார்கள். அதற்கு மேல் அந்த வயதில் நான் சொல்லவில்லை. பிடிபட்டவர்களை எப்படிக் கொன்றார்கள் என்பதைப் பன்னிரண்டு வயது ஆன பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

கோட்டையின் மறைமுகச் செலவு வெயிலோ ஆட்டோ காசோ இல்லை. பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "யாரு ஜெயிச்சா?" என்பது. வரலாற்றைச் சொல்லத் தொடங்கினால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. பதில் சொன்னதும் பிள்ளை ஒரு பக்கத்தில் போய் நின்றுகொள்கிறது. கூட வரும் பெரியவர்களோ திப்பு நல்லவரா கெட்டவரா என்று தங்கள் சண்டையைத் தொடங்கிவிடுவார்கள். பிணையாகப் போன இரண்டு பையன்கள் அந்த ரெண்டு வருஷம் ராத்திரியில் என்ன நினைத்திருப்பார்கள் என்ற பேச்சு அதில் அடிபட்டுப் போகும். ஆகவே கோட்டைக்குப் போவதென்றால் ஒரே ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு போங்கள். நான் எப்போதும் அந்த இரண்டு பையன்களோடுதான் தொடங்குவேன். உள்ளே இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு என்றைக்கு விடுமுறை என்று கேட்டுக்கொண்டு போங்கள், அன்றைக்குப் போய் ஏமாற வேண்டாம்.

படுகளம்

இது நகரத்துப் பெற்றோருக்கு உடனே தோன்றாது. வடாற்காட்டுக் கிராமங்களில் இது ஒவ்வொரு கோடையிலும் நடக்கிறது. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைப்பார்கள். மத்தியானம் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, நடுவில் ஒருநாள் அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவது. கடைசிக் காலையில் படுகளம்: மண்ணால் செய்த மிகப் பெரிய துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பீமன் தொடையில் அடிப்பான், திரௌபதி கூந்தல் முடிவாள். அதற்கப்புறம்தான் எனக்கு முக்கியமான இடம். முறமும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு காந்தாரி வருவாள். ஒப்பாரி வைப்பாள், செத்துக் கிடக்கும் பிள்ளையை அடிப்பாள். ஜெயித்தவர்களின் கொண்டாட்டத்தை அந்த அம்மாவின் அழுகை வந்து நிறுத்துகிறது. சாயங்காலம் தீமிதி. துரியோதனனின் மண்ணை ஒரு பிடி எடுத்துப்போய் வீட்டில் வைப்பவர்களும் உண்டு.

போருக்குப் பிறகு என்ன என்ற கேள்விக்கு மகாபாரதம் அளவுக்கு விரிவாகப் பதில் சொன்ன கதை வேறெது? தூங்கிக்கொண்டிருந்த பாண்டவர் பிள்ளைகளை அசுவத்தாமன் கொன்றது, இறந்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடும்போது கர்ணனுக்கும் சேர்த்து விடு, அவன் உன் அண்ணன் என்று குந்தி தருமரிடம் சொன்னது. இந்த இரண்டாவதைப் பத்து வயதுப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். எதிரி, அண்ணன் என்ற இரண்டு சொற்களும் ஒரே ஆளைக் குறிக்கலாம் என்பதை அவர்கள் ஜீரணிக்க நேரம் எடுக்கும். அந்த நேரத்தைக் கொடுங்கள்.

இதற்குக் கைக்காசு அநேகமாக இல்லை. ராத்திரி முழுக்க முழித்திருக்கும் உடம்பு வேண்டும், பக்கத்தில் அர்த்தம் சொல்ல ஆயாவோ தாத்தாவோ வேண்டும். துணையில்லாமல் பார்க்கும் பிள்ளைக்குத் தொடையிலிருந்து வழியும் சிவப்புதான் மனதில் நிற்கும். சொல்லக் கசக்கிற இன்னொன்றும் உண்டு. சில ஊர்களில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் அந்தக் களத்தில் ஒரே இடத்தில் நிற்க முடிவதில்லை. உங்கள் ஊர் அப்படி என்றால், எல்லாப் பிள்ளைகளையும் அழைத்துப் போகும் வகுப்புப் பயணத்துக்கு இது தோதுப்படாது.

தாத்தா

நேரில் பார்த்தவர் வாயால் கேட்பதுதானே சிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கல்லூரிக் காலத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அப்பா முன்னால் உட்கார்ந்து, "சொல்லுங்கப்பா, அங்க என்ன நடந்துச்சு?" என்று கேட்டேன். அவர் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. நோட்டுப் புத்தகம் காலியாகவே இருக்கிறது.

பல வருஷம் கழித்து, என் மகளுக்கு ஹாலில் டிராகன் கதை வாசித்துக்கொண்டிருந்தேன். அப்பா அதே ஹாலில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு இருந்தார். மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, கதையில் எதிரி ஊருக்குள் நுழைந்த வீரனுக்கு ஒரு கிழவி கஞ்சி கொடுக்கும் இடம். பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா பேசினார். அங்கே ஒரு வீட்டில் ஒரு வயசான அம்மா அவருக்குப் பால் இல்லாத தேத்தண்ணியும் கடித்துக்கொள்ளப் பனங்கட்டியும் கொடுத்தாராம். "குடியுங்கோ தம்பின்னு சொன்னாங்க. அவங்க தமிழ்ல பேசினதுதான் எனக்குத் தாங்கல" என்றார். அவ்வளவுதான். மகள், "அப்புறம் தாத்தா?" என்றாள். "அப்புறம் நீ கதையைக் கேளு" என்று பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

தாத்தா வழியில் செலவு முழுக்க தாத்தாவுக்குத்தான். தானாகச் சொன்னால் காது கொடுங்கள், தோண்டாதீர்கள். தூக்கம் கெடுகிறது, கோபம் அடங்கவில்லை, குடி அதிகமாகிறது என்றால் பேரனுக்குக் கதை சொல்வதை விட்டுவிட்டு அவரை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போவதுதான் முதல் வேலை. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஒரே பார்வையில் வேண்டுபவர்களுக்கு:

| | டிராகன் கதை | கோட்டை | படுகளம் | தாத்தா |
|---|---|---|---|---|
| எந்த வயது | 8 முதல், யாளிக் கதை 5 முதல் | 10 முதல் | பெரியவர் துணையோடு 8 முதல் | அவர் விரும்பும்போது |
| நேரம் | இரண்டு மாத ராத்திரிகள் | ஒரு காலை, அப்புறம் பல பேச்சு | ஒரு ராத்திரி, மறுநாள் காலை | சொல்ல முடியாது |
| கைக்காசு | 400 ரூபாயிலிருந்து, நூலகத்தில் குறைவு | பஸ், ஆட்டோ, தண்ணீர் | அநேகமாக இல்லை | இல்லை |
| கண்ணுக்குத் தெரியாத செலவு | மொழிபெயர்க்கும் அலுப்பு, தொடரும் பாகங்கள் | பக்கம் பிரிதல் | ரத்தக் காட்சி, ஊர்ப் பிரிவினை | பெரியவரின் தூக்கம் |

கண்ணமங்கலம் அம்மாவுக்கு

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அதைப் பிடுங்கினால், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று பையன் புரிந்துகொள்வான். அப்புறம் கேட்கவே மாட்டான். அவன் கேள்விக்கு, "எனக்குத் தெரியலடா. அப்பா வேலை அப்படி. அப்பாவுக்குச் சொல்லணும்னு தோணினா உன்கிட்ட சொல்லுவாரு" என்ற உண்மையான பதில் போதும். ஆனால் இப்படி ஒரு கேள்வி வந்திருக்கிறது என்று கணவரிடம் தனியாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கோ எல்லையில் ட்யூட்டி முடித்து வீடியோ காலில் வருகிறவர் முகத்துக்கு நேரே பையன் இதைக் கேட்டுவிடக் கூடாது. அவர் பதில் சொல்ல லீவு வேண்டும், பக்கத்தில் உட்கார இடம் வேண்டும்.

மீதிப் பாதியை நீங்கள் வாசியுங்கள். ரூமுக்குள் வேண்டாம், திண்ணையில் வாசியுங்கள், மாமனார் காதில் விழுகிற தூரத்தில். அவரைப் பார்த்து எதுவும் கேட்காதீர்கள். அவர் எழுந்து போனால் போகட்டும், மறுநாளும் அங்கேயே உட்காருங்கள். கோட்டையை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பக்கத்து ஊரில் பாரதம் வைத்தால் தாத்தாவும் பேரனுமாகப் போகட்டும், நீங்கள் போக வேண்டியதில்லை.

மேல்மொணவூர் ஆசிரியைக்கு

உங்களுக்கு டிராகன் கதை ஒன்றுதான். கோட்டையும் படுகளமும் வேண்டாம் என்பதில்லை, இந்த வகுப்பில் அவை இரண்டாவதாக வரட்டும். வாசிப்பதற்கு முன்னால் போர், அகதி, ராணுவம் என்று முன்னுரை கொடுக்காதீர்கள். எந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்ததை முகத்தில் காட்டாதீர்கள், இது எனக்கே இன்னும் சரியாக வராது. யாராவது தன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால், "நல்லா சொன்ன" என்று பாராட்டி அதைப் பாடமாக்கவும் வேண்டாம். தலையாட்டிவிட்டு அடுத்தவர் பேச இடம் விடுங்கள்.

நீங்கள் எடுக்கும் புத்தகத்தில் வெடிச் சத்தமோ இடியோ வரும் அத்தியாயம் இருந்தால், அதை மட்டும் கடைசி பீரியடில் வைக்காதீர்கள். மணி அடித்துவிட்டால் பிள்ளைகள் சொல்ல வந்ததைச் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.